தீவிரவாதி என்று சொல்லி ஒருவரை வெளியே நிறுத்தலாமா? நாட்டுப் பாதுகாப்பும் மனித உரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசா மறுப்பு, விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்புவது, நாடு கடத்துவது, குடியுரிமையைப் பறிப்பது எல்லாவற்றையும் நம்மில் பலர் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிறோம். "தீவிரவாதிக்கு என்ன மனித உரிமை?" என்று ஒரு தரப்பு, "எல்லாமே அரச அடக்குமுறை" என்று இன்னொரு தரப்பு. மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு தரப்புமே பாதிதான் சரி. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய நாடுகளில் நடந்த வழக்குகளை வைத்து, வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். இந்த வழக்குகளில் சில நம்மவர்கள் நடத்தியவை.

வீட்டுக்குள் யாரை விடுவது என்பது வீட்டுக்காரர் இஷ்டம். நாட்டுக்கும் அதுதானே?

பெருமளவுக்கு ஆமாம். வேறொரு நாட்டுக்குள் நுழைந்தே தீருவேன் என்று கேட்கும் உரிமை வெளிநாட்டவர் யாருக்கும் கிடையாது. இந்திய உச்ச நீதிமன்றம் 1955-ல் ஹான்ஸ் முல்லர் வழக்கிலேயே, வெளிநாட்டவரை வெளியேற்ற அரசுக்கு இருக்கும் அதிகாரம் கட்டற்றது என்று சொல்லிவிட்டது. 1991-ல் லூயி டி ரேட் வழக்கு வந்தது. அவர் பெல்ஜியத்திலிருந்து வந்த மிஷனரி, 1937 முதல் இந்தியாவில் இருந்தவர். அவருக்கும் அதே பதில்தான்: உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு உண்டு, இங்கேயே தங்கி வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டும். 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் போய் 2025 செப்டம்பர் 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டது. இந்த அடிப்படையில் மாற்றமில்லை.

பிரிட்டனில் 2005 ஜூலை 7 குண்டுவெடிப்பில் 52 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே உள்துறை அமைச்சர் சார்ல்ஸ் கிளார்க் ஒரு பட்டியல் வெளியிட்டார். பயங்கரவாத வன்முறையை நியாயப்படுத்துவது, புகழ்வது, தூண்டுவது, சமூகங்களுக்குள் கலவரம் வரும் அளவுக்கு வெறுப்பை வளர்ப்பது என்று அதில் இருந்தவற்றைச் செய்யும் வெளிநாட்டவருக்கு இனி இடமில்லை என்றார்கள்.

ஆனால் வீட்டு உவமை ஓர் இடத்தில் நின்றுவிடும். விருந்தாளியை வெளியே போகச் சொல்லலாம். வாசலில் அரிவாளோடு ஒருவன் காத்திருக்கிறான் என்று தெரிந்த பிறகு கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள முடியாது. மனித உரிமைச் சட்டத்தின் வேலை பெரும்பாலும் அந்த வாசலில்தான்.

ஒருவர் தீவிரவாதி என்று யார் முடிவு செய்கிறார்கள்? நீதிமன்றமா?

இல்லை. பெரும்பாலும் அமைச்சரும் அவருக்குக் குறிப்பு எழுதித் தரும் அதிகாரியும் உளவுத்துறையும்தான். குற்றம் நிரூபணமாகி இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பிரிட்டனில் "பொது நலனுக்கு உகந்தவர் அல்ல" என்று உள்துறை அமைச்சர் கருதினால் போதும். பயங்கரவாதத்துக்கு அங்கே 2000-ஆம் ஆண்டிலிருந்து சட்ட வரையறை உண்டு. தீவிரவாதத்துக்குக் கிடையாது. 2024 மார்ச்சில் வெளியிட்டதும் அரசின் கொள்கை வரையறைதான், சட்டம் அல்ல. கனடாவில் "நம்புவதற்கு நியாயமான காரணம்" இருந்தால் போதும். அது சாதாரண சிவில் வழக்கில் கேட்கும் நிரூபணத்தைவிடவும் குறைவானது.

பேசினார் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தடுக்கலாமா?

தடுத்திருக்கிறார்கள். பலன்தான் ஒரே மாதிரி இல்லை.

2009 பிப்ரவரி 12. நெதர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் கீர்ட் வில்டர்ஸ் ஹீத்ரோவில் இறங்குகிறார். பிரிட்டிஷ் மேலவை உறுப்பினர் ஒருவர் கூப்பிட்டு, இஸ்லாமுக்கு எதிரான தன் படத்தைக் காட்ட வந்தவர். வரக்கூடாது என்று முன்பே கடிதம் போயிருந்தது. தெரிந்தேதான் விமானம் ஏறினார், கூடவே பத்திரிகையாளர்களும் ஏறினார்கள். திருப்பி அனுப்பினார்கள். அக்டோபரில் தீர்ப்பாயம் அந்தத் தடையை ரத்து செய்தது, அதே மாதம் லண்டன் வந்து இறங்கினார். அவருக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைத்திருக்காது.

இந்திய இஸ்லாமியப் பிரசாரகர் ஜாகிர் நாயக் கதை வேறு. 2010 ஜூனில் அப்போதைய உள்துறை அமைச்சர் தெரேசா மே அவருக்குத் தடை போட்டார். உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டிலும் தடை நின்றது. பிறகு அவர் மலேசியாவில் நிரந்தரமாகத் தங்கினார். 2019-ல் அங்குள்ள இந்துக்களையும் சீனர்களையும் பற்றி அவர் பேசிய பேச்சு மலேசியத் தமிழர்களிடையே எவ்வளவு கொந்தளிப்பை உண்டாக்கியது என்பது தெரிந்ததே. அந்த நாடு அவரை வெளியேற்றவில்லை, பொதுக்கூட்டங்களில் பேசத் தடை விதித்தது. இந்த நடுவழி பல நேரம் மறந்துபோகிறது. ஆளை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை, மைக்கை வாங்கி வைத்தாலும் போதும்.

என்னைக் கேட்டால், பேச்சு வழக்குகளில் யோசிக்க வேண்டிய வழக்கு மரியம் ராஜாவியுடையது. ஈரானிய எதிர்க்கட்சித் தலைவர், பாரிஸில் வசிப்பவர். பிரிட்டன் 1997 முதல் அவரை உள்ளே விடவில்லை. அவருடைய இயக்கத்தின் மீதான தடை 2008-லேயே நீங்கிவிட்டது. ஆனாலும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பேச அழைத்தபோது மறுத்தார்கள். காரணம் அவர் ஆபத்தானவர் என்பதல்ல. அவர் வந்தால் ஈரான் கோபப்படும், அங்கே பிரிட்டிஷ்காரர்களுக்கு ஏதாவது ஆகலாம் என்பது. வழக்குப் போட்டவர்களில் முதல் பெயர் லார்ட் கார்லைல், பயங்கரவாதச் சட்டங்களை மேற்பார்வையிடும் சுயேச்சை ஆய்வாளராகவே இருந்தவர். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று அரசின் பக்கம் நின்றது. லார்ட் கெர் மட்டும் மாறுபட்டார். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தாங்கள் விரும்பியவரிடம் நேரில் பேசிக் கேட்கும் உரிமை உண்டு, அந்நிய அரசின் மிரட்டலுக்கு அதைப் பலி கொடுக்க முடியாது என்ற அவருடைய பக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. மிரட்டும் அரசு எதுவோ அதுவே நம் வாசலில் யார் நிற்கலாம் என்று தீர்மானிக்கும் நிலை வந்துவிடும்.

வைகோவை மலேசியா திருப்பி அனுப்பியதும் இந்தக் கணக்கில் வருமா?

வரும். 2017 ஜூனில் பினாங்கு துணை முதல்வர் ராமசாமி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவரை, விடுதலைப் புலிகள் தொடர்பு என்று காரணம் காட்டி விமான நிலையத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். சட்டப்படி மலேசியாவுக்கு அந்த அதிகாரம் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி, கல்யாணத்துக்கு வந்தவரால் அந்த நாட்டுக்கு அன்றைக்கு என்ன ஆபத்து என்பது.

இதைவிடக் கனமான உதாரணம் சென்னையில் நடந்தது. 2010 ஏப்ரல் 16 இரவு, பிரபாகரனின் தாயார் பார்வதி அம்மாள் மலேசியாவிலிருந்து சென்னையில் வந்து இறங்கினார். வயது 80-ஐத் தாண்டியவர், பக்கவாதம் வந்தவர், சிகிச்சைக்காக வந்தவர், கையில் செல்லுபடியாகும் விசா. விமானத்தைவிட்டு இறங்கவே விடாமல் அப்படியே திருப்பி அனுப்பினார்கள். பழைய தடைப்பட்டியல் ஒன்றில் பெயர் இருந்ததுதான் காரணம். போர் முடிந்து, மகன் இறந்து, ஓர் ஆண்டு ஆகப்போகிறது, பட்டியல் மட்டும் அப்படியே இருந்தது. பிறகு நிபந்தனைகளோடு அனுமதி என்றார்கள், அவர் வரவில்லை. 2011 பிப்ரவரியில் வல்வெட்டித்துறையில் காலமானார்.

அரசியலைத் தள்ளிவைத்து நிர்வாகமாக மட்டும் பார்த்தாலும் இது பிழை. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க ஆள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, காரணம் இன்னும் இருக்கிறதா என்று கேட்க ஆள் இல்லை. விசா கொடுத்த அலுவலகத்துக்குத் தெரியாத பட்டியல் விமான நிலையத்துக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

சுரேஷ் வழக்கு என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். அது என்ன?

உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் வழக்கு அது. கனடா, 2002.

சுரேஷ் ஈழத்தமிழர். 1990-ல் கனடா போனார், 1991-ல் அகதியாக ஏற்கப்பட்டார். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். 1995-ல் அவர் மீது பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றை, அதாவது பாதுகாப்புக் காரணத்தால் இவர் நாட்டில் இருக்கத் தகுதியில்லை என்று அமைச்சர்கள் ஒப்பமிடும் ஆவணத்தை, பிறப்பித்தார்கள். புலிகளின் உறுப்பினர், அவர்களுக்காக நிதி சேர்ப்பவர் என்பது கனேடிய உளவுத்துறையின் கருத்து. கைது செய்தார்கள், 1998 வரை தடுப்புக் காவல்.

வழக்கின் உயிர் ஒரு குறிப்பில் இருக்கிறது. அமைச்சருக்குக் குடிவரவு அதிகாரி ஒருவர் எழுதிய குறிப்பு அது. சுரேஷ் கனடாவிலோ இலங்கையிலோ நேரடியாக எந்த வன்முறையிலும் ஈடுபட்டதாகத் தெரியவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. திருப்பி அனுப்பினால் ஆபத்து உண்டு, அதை அளப்பது கடினம், ஆனால் அவர் பெயர் வெளியே தெரிந்துவிட்டதால் ஆபத்து கொஞ்சம் குறையலாம் என்றும் இருக்கிறது. கடைசியில், அனுப்பலாம். இந்தக் குறிப்பை சுரேஷின் கண்ணில் காட்டவே இல்லை. அதற்கு அவர் பதில் சொல்ல வாய்ப்பும் இல்லை. அதை வைத்துத்தான் அமைச்சர், இவர் கனடாவின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று ஒப்பமிட்டார். காரணம் என்று ஒரு வரி எழுதவில்லை.

உச்ச நீதிமன்றம் 2001 மே மாதம் வாதங்களைக் கேட்டது. தீர்ப்பு 2002 ஜனவரி 11. நடுவில் செப்டம்பர் 11. அந்தச் சூழலிலும் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது: சித்திரவதை நடக்கக் கூடிய இடத்துக்கு ஒருவரை அனுப்புவது பொதுவாகக் கனேடிய உரிமைகள் சாசனத்துக்கு விரோதம். அரசு என்ன சொல்கிறது என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும், பதில் சொல்ல விட வேண்டும், முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும். ஆபத்து என்றால் அற்பமானதாக இருக்கக் கூடாது, கனமானதாக இருக்க வேண்டும். சுரேஷ் விஷயத்தை மறுபடி முதலிலிருந்து விசாரிக்கும்படி அனுப்பினார்கள்.

இதில் ஓர் ஓட்டையும் உண்டு. "விதிவிலக்கான சூழ்நிலை"களில் சித்திரவதை ஆபத்து இருந்தாலும் அனுப்பலாமோ என்ற கேள்விக்கு நீதிமன்றம் கதவை முழுதாகச் சாத்தவில்லை. எல்லோரும் கொண்டாடும் தீர்ப்பில் மனித உரிமைக்காரர்கள் இன்றும் குறை சொல்லும் இடம் அதுதான்.

ஐரோப்பாவில் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்களா?

சாத்திவிட்டார்கள், அதுவும் ஓர் இந்தியர் வழக்கில்.

கரம்ஜித் சிங் சாகல் 1971-ல் பிரிட்டன் போன சீக்கியர். 1984-ல் பஞ்சாப் போயிருந்தபோது போலீஸ் பிடித்து 21 நாள் வைத்திருந்தது. அடி, மின்சார ஷாக், சுடப்போவதாக நாடகம். குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விட்டார்கள். பிறகு, பிரிட்டனிலிருந்து கொண்டு சீக்கியத் தீவிரவாதத்துக்குத் துணை போகிறார் என்று சொல்லி 1990 ஆகஸ்டில் அவரைப் பிடித்து, இந்தியாவுக்கு அனுப்பப் பார்த்தார்கள். ஆறு ஆண்டுக்கு மேல் சிறை, வழக்கு ஒன்றும் கிடையாது. இந்திய அரசு, எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள சட்டப் பாதுகாப்பு அவருக்கும் உண்டு என்று உறுதி கொடுத்தது. அதில் நீதிமன்றம் சமாதானம் அடையவில்லை. 1996 நவம்பர் 15 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 12-க்கு 7 என்று தீர்ப்புச் சொன்னது: ஆள் எவ்வளவு ஆபத்தானவராக இருந்தாலும் சரி, சித்திரவதை நடக்கும் என்ற நிஜமான ஆபத்து இருந்தால் அனுப்ப முடியாது. எடைபோடும் பேச்சுக்கே இடமில்லை. அன்றே சாகல் வெளியே வந்தார்.

2008-ல் சாதி என்பவர் இத்தாலிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் பிரிட்டன் தானாக நுழைந்து, காலம் மாறிவிட்டது, இப்போதாவது தராசை எடுங்கள் என்று கேட்டது. நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஏன் தராசு கூடாது? ஆயிரம் பேர் உயிர் ஒரு தட்டில், ஒருவர் வேதனை மறு தட்டில் என்றால்?

கேட்க நியாயமான கேள்விதான். ஆனால் நிஜ வழக்குகளில் அந்தத் தராசு அப்படித் தொங்குவதில்லை. முதல் தட்டில் இருப்பது "இவர் இருந்தால் ஒருவேளை ஏதாவது நடக்கலாம்" என்ற உளவுக் குறிப்பு. மறு தட்டில் இருப்பது இன்ன ஊர், இன்ன சிறை, இன்ன போலீஸ் என்று பெயர் சொல்லக் கூடிய ஆபத்து. ஊகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கனமாக எழுதலாம். அதனால்தான் நீதிமன்றம் தராசையே ஓரம் கட்டிவிட்டது. தடுப்பதற்கு அரசிடம் வேறு வழிகளும் இருக்கின்றன: வழக்குப் போடுவது, கண்காணிப்பது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது.

எழுதிய சட்டத்திலும் ஒரு முரண் உண்டு. 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 33-ஆம் பிரிவு, நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்தான அகதியைத் திருப்பி அனுப்ப விதிவிலக்குத் தருகிறது. சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தின் 3-ஆம் பிரிவு எந்த விதிவிலக்கும் தரவில்லை. இந்தியா முதலாவதில் கையெழுத்தே போடவில்லை. இரண்டாவதில் 1997-ல் கையெழுத்துப் போட்டது, இன்னும் உறுதிப்படுத்தவில்லை. 2021 ஏப்ரலில் ரோஹிங்கியா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களை அனுப்புவதைத் தடுக்க மறுத்து, உரிய நடைமுறையைப் பின்பற்றினால் போதும் என்று சொன்னதை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

"அடிக்க மாட்டோம்" என்று அந்த நாடு எழுதிக் கொடுத்தால்?

வெறும் காகிதம் போதாது, ஆனால் காகிதமே வேண்டாம் என்றும் இல்லை. அபு கத்தாடா வழக்கு நல்ல பாடம். ஜோர்டான்காரர், லண்டனில் வெறுப்புப் பிரசங்கம் செய்தவர் என்று பத்திரிகைகள் பல ஆண்டு அவர் பெயரைப் போட்டுத் தாளித்தன. 2012 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், ஜோர்டான் தந்த உறுதிமொழியால் அவரைச் சித்திரவதை செய்யும் ஆபத்து நீங்குகிறது என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் மற்றவர்களைச் சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலத்தை அவர் மீதான வழக்கில் பயன்படுத்துவார்கள், அது நியாயமான விசாரணை ஆகாது என்று தடுத்தது.

பிரிட்டிஷ் அமைச்சர்கள் குதித்தார்கள், ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தை விட்டே வெளியேறலாம் என்ற பேச்சு வந்தது. ஒருவழியாக உட்கார்ந்து ஜோர்டானோடு முறையான ஒப்பந்தம் போட்டார்கள், அந்த மாதிரிச் சாட்சியத்துக்கு அதில் கடிவாளம் போட்டார்கள். அதற்கு அப்புறம் 2013 ஜூலை 7 அன்று அவர் தானாகவே விமானம் ஏறினார். 2014-ல் ஜோர்டான் நீதிமன்றம் இரண்டு வழக்கிலும் சாட்சியம் போதாது என்று விடுதலை செய்தது. தடுத்த நீதிமன்றம் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறது.

ரகசிய உளவுத் தகவலை எதிராளிக்கே காட்டினால் நாட்டுக்கு ஆபத்தில்லையா?

சில தகவலைக் காட்ட முடியாதுதான். தகவல் கொடுத்தவர் உயிர் போகும். அதற்காகக் கண்டுபிடித்த வழி சிறப்பு வழக்கறிஞர். சாகல் தீர்ப்புக்குப் பிறகு 1997-ல் பிரிட்டன் இதற்கென்று ஒரு தனித் தீர்ப்பாயம் அமைத்தது. பாதுகாப்பு அனுமதி பெற்ற வழக்கறிஞர் ஒருவர் மூடிய கோப்பைப் படிப்பார், குற்றம்சாட்டப்பட்டவருக்காக உள்ளே வாதாடுவார். இதற்கு முன்மாதிரி கனடா. வேடிக்கை என்னவென்றால் கனடா தன் பழைய முறையைக் கைவிட்டுவிட்டு, 2007-ல் ஷார்காவி என்பவரின் பாதுகாப்புச் சான்றிதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை அடித்துப்போட்ட பிறகு, 2008-ல் பிரிட்டனைப் பார்த்து அதையே திரும்ப எடுத்துக்கொண்டது.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். கோப்பைப் படிப்பதற்கு முன் அந்த வழக்கறிஞர் உங்களோடு பேசலாம். படித்த நிமிடத்திலிருந்து அனுமதி இல்லாமல் உங்களோடு பேசக் கூடாது. "இன்ன தேதியில் இன்ன வீட்டுக் கூட்டத்தில் இருந்தார்" என்று கோப்பில் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்கள். உங்களிடம் அந்தத் தேதியைக் கேட்டால் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டில் விஷயம் முடிந்துவிடும். அவர் கேட்க முடியாது. என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாததால் நீங்களும் சொல்ல மாட்டீர்கள். 2004-ல் இயன் மெக்டொனால்ட் என்ற மூத்த வழக்கறிஞர் இந்தப் பதவியையே தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்.

2009-ல் பிரிட்டனில், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், சந்தேக நபரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் கட்டுப்பாட்டு ஆணை வழக்குகளில், பதில் சொல்லும் அளவுக்காவது குற்றச்சாட்டின் சாரத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றார்கள். ஷார்காவி வழக்கிலும் பின்னாளில் நீதிமன்றம் தகவலை வெளியிடச் சொன்னபோது அரசு சாட்சியத்தையே வாபஸ் வாங்கிக்கொண்டது. அவர் மீதிருந்த சான்றிதழ் 2009-ல் விழுந்தது.

அனுப்பவும் முடியாது, வழக்குப் போடச் சாட்சியமும் இல்லை. அப்போது என்ன செய்வது?

இதுதான் நிஜமாகவே கஷ்டமான கேள்வி. சுலபமான பதில், பிடித்து உள்ளே போடு என்பது. செப்டம்பர் 11-க்குப் பிறகு பிரிட்டன் அதைத்தான் செய்தது. வெளிநாட்டுச் சந்தேக நபர்களைக் காலவரையின்றி பெல்மார்ஷ் சிறையில் வைத்தது. 2004 டிசம்பர் 16 அன்று ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அதைத் தவறு என்றார்கள். லார்ட் பிங்ஹாமின் தர்க்கம் எளிமையானது: அதே ஆபத்து உள்ள உள்நாட்டுக்காரர் வெளியே நடமாடும்போது வெளிநாட்டவரை மட்டும் அடைத்தால், அது பாதுகாப்புக்காகத்தான் என்று எப்படி நம்புவது?

ஆஸ்திரேலியாவில் இதை அனுபவித்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அகதி என்று அரசே ஏற்றுக்கொண்டது, அதனால் இலங்கைக்கு அனுப்ப முடியாது. உளவுத்துறையான ஏஎஸ்ஐஓ பாதகமான மதிப்பீடு கொடுத்துவிட்டது, அதனால் விசா கிடையாது. ஆகவே முகாம். எத்தனை நாள்? தெரியாது. என்ன காரணம்? சொல்ல மாட்டோம். ஐநா மனித உரிமைக் குழுவிடம் போன 46 பேரில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர்கள். 2013-ல் அந்தக் குழு, இது தன்னிச்சையான தடுப்புக் காவல் என்றது. 2012 கடைசியில் அரசு மார்கரெட் ஸ்டோன் என்ற ஓய்வுபெற்ற நீதிபதியைச் சுயேச்சை ஆய்வாளராகப் போட்டது. பிறகு ஒவ்வொன்றாகப் பலருடைய மதிப்பீட்டை ஏஎஸ்ஐஓவே மாற்றிக்கொண்டது. ஆள் அதே ஆள், கடந்த காலம் அதே கடந்த காலம். கோப்பை இன்னொரு ஜோடிக் கண்கள் பார்த்தன, அவ்வளவுதான். 2023 நவம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (அந்த நாட்டில் அதுதான் உச்ச நீதிமன்றம்), அனுப்ப வழியில்லாத ஒருவரைக் காலவரையின்றி அடைக்க முடியாது என்று தன் பழைய 2004 தீர்ப்பையே மாற்றியது.

தமிழ்நாட்டில் திருச்சி சிறப்பு முகாமும் இந்த வகைதான். ராஜீவ் வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த சாந்தன், வெளிநாட்டவர் என்பதால் சிறையிலிருந்து முகாமுக்குப் போனார். ஊருக்குப் போக அனுமதி வந்த சமயத்தில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். அவர் செய்தது என்ன என்பது ஒரு கேள்வி. விடுதலைக்குப் பிறகு ஓர் ஆண்டுக்கு மேல் அடைத்து வைத்தது எந்த ஆபத்தைத் தடுக்க என்பது வேறு கேள்வி. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மூடிவிட முடியாது.

இயக்கத்தில் இருந்தாலே அகதி அந்தஸ்து கிடையாதா?

அகதிகள் ஒப்பந்தத்தின் 1எஃப் பிரிவு போர்க்குற்றம், மனித குலத்துக்கு எதிரான குற்றம் செய்தவர்களை விலக்கி வைக்கிறது. இருந்தாலே போதுமா என்ற கேள்வியை பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2010 மார்ச்சில் தீர்த்தது. வழக்கைக் கொண்டுபோனவர் பத்து வயதில் புலிகளோடு சேர்ந்து, பிறகு புலனாய்வுப் பிரிவின் சண்டை அணியில் பொறுப்பில் இருந்தவர். உறுப்பினர் என்பது மட்டும் போதாது, குற்றத்துக்குத் தெரிந்தே, கணிசமாகப் பங்களித்தாரா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். 2013-ல் எஸோகோலா வழக்கில் கனடாவும் அதே வழியில் வந்தது.

ஆனால் கனடாவில் இன்னொரு கண்ணி இருக்கிறது, குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 34(1)(எஃப்) பிரிவு. அகதியா என்பதை அல்ல, நாட்டுக்குள் நுழையத் தகுதி உண்டா என்பதைப் பார்க்கும் விதி அது. பயங்கரவாதத்தில் ஈடுபட்டதாக நம்ப நியாயமான காரணம் உள்ள அமைப்பில் உறுப்பினராக இருந்தாலே தகுதி போய்விடும், பங்களிப்பை அளக்க வேண்டியதில்லை. 2010-ல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்து இறங்கியபோது இந்தப் பிரிவைப் பலர் மீது நீட்டினார்கள். ஒரே ஆள் ஒரு விதியில் அகதி, இன்னொரு விதியில் ஆகாதவர்.

சொந்தக் குடிமகளையே வெளியே நிறுத்தலாமா?

ஷமீமா பேகம் 2015 பிப்ரவரியில், 15 வயதில், கிழக்கு லண்டனிலிருந்து ஐஎஸ் அமைப்பில் சேர சிரியா போனார். 2019-ல் அகதி முகாமில் ஒரு பத்திரிகையாளர் கண்டுபிடித்தார். அடுத்த சில நாளில் குடியுரிமை போயிற்று. பெற்றோர் வழியில் வங்கதேசக் குடியுரிமை உண்டு, ஆகவே நாடற்றவர் ஆக மாட்டார் என்பது பிரிட்டனின் வாதம். எங்கள் பிரஜையே இல்லை என்றது வங்கதேசம். 2023-ல் தீர்ப்பாயம், அவர் பாலியல் சுரண்டலுக்காகக் கடத்தப்பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு என்று சொன்னது, சொல்லிவிட்டு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 2024-ல் பிரிட்டனுக்குள் எல்லா வழியும் அடைபட்டது.

எனக்கு இது பாதுகாப்பு நடவடிக்கையாகவே தெரியவில்லை. பிரிட்டனில் பிறந்து வளர்ந்தவரைக் கூட்டிவந்து வழக்குப் போட நீதிமன்றமும் சிறையும் இருக்கின்றன. முகாமில் விட்டால் அந்தப் பொறுப்பைச் சுமப்பது வடகிழக்கு சிரியாவில் காவல் நிற்கும் யாரோ.

குண்டுவெடிப்பில் செத்தவர்களுக்கு மனித உரிமை இல்லையா?

இருக்கிறது, நீதிமன்றத்தில் எடுபடவும் செய்கிறது. 2019 ஈஸ்டர் ஞாயிறு தாக்குதலில் இலங்கையில் 260-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் அரசு அசையவில்லை. அடிப்படை உரிமை மனுக்களில் 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்றது. தகவல் கையில் இருந்தும் வேலை செய்யாததுதான் அங்கே பிழை. மனித உரிமைச் சட்டம் யாருடைய கையையும் கட்டவில்லை.

எனக்கோ உறவினருக்கோ பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுத்தால் முதலில் என்ன செய்வது?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள். கெடு ரொம்பக் குறுகியது. கனடாவுக்குள் எடுத்த முடிவு என்றால் பெடரல் நீதிமன்றத்துக்கு 15 நாள், வெளிநாட்டில் எடுத்த முடிவு என்றால் 60 நாள். கோப்பில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க, கனேடியக் குடிவரவுத் துறையின் கணினிக் கோப்பான ஜிசிஎம்எஸ் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம், சில வரிகளைக் கறுப்படித்துத்தான் தருவார்கள். 34-ஆம் பிரிவில் மாட்டியவர்கள் அமைச்சரிடம் விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டவரும் அரசியலமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம்.

அப்புறம் ஒன்று. நேர்காணலில் "இயக்கத்துக்குக் காசு கொடுத்தீர்களா, வேலை செய்தீர்களா" என்று கேட்பார்கள். பயந்துபோய் "இல்லவே இல்லை" என்று சொல்லிவிட்டு, பிறகு வேறு படிவத்தில் வேறு மாதிரி எழுதியவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். கனடாவில் பொய்த் தகவலுக்கே தனியாக ஐந்து ஆண்டுத் தடை உண்டு. வன்னியில் இருந்தவர்களிடம் கட்டாயமாக வாங்கியது என்றால் கட்டாயம் என்றே சொல்லுங்கள், யார் வந்தார்கள், மறுத்தால் என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லுங்கள். கட்டாயத்தின் பேரில் செய்ததை உறுப்பினர் ஆனதாக எடுத்துக்கொள்ளலாமா என்பது நீதிமன்றத்தில் வாதாடக் கூடிய கேள்வி. முதல் நேர்காணலில் சொல்லாததைப் பிறகு வாதாடுவது மிகவும் கடினம்.